செலவில்லாமல் சாந்தா ஃபே

டுலூத், மினசோட்டா
அக்டோபர் 20

மதிப்பிற்குரிய லுடிவினா தஃபோயா அவர்களுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதுகிறேன்.

டிசம்பர் நடுவில் நானும் என் மனைவி மரித்தும் சாந்தா ஃபேக்கு வருகிறோம். சில நாள் இருப்போம். இது மரித்தின் ஆசை, என்னுடையது அல்ல. அவள் நூலகத்தில் வேலை பார்க்கிறவள். ஓவியம் என்றால் உயிர். உங்கள் ஊரைப் பற்றிய படப் புத்தகம் ஒன்றைப் போன குளிர்காலம் முழுவதும் புரட்டிப் புரட்டி அதன் தையலே விட்டுப்போயிற்று. மார்ச்சில் எங்களுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. அதற்கு முன் அந்த ஊரைப் பார்த்தே ஆக வேண்டுமாம். "அப்பா எந்த ஊருன்னு புள்ள கேட்டா, ஒரு படத்தைக் காட்டச் சொல்றியா?" என்கிறாள்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். வீடுகளுக்கு வெளிப்பூச்சு அடிக்கிறவன். இங்கே பனி விழுந்துவிட்டால் ஏப்ரல் வரை தூரிகைக்கு வேலை இல்லை. உங்கள் ஊரோ ஒரு காப்பி குடித்துவிட்டு வந்தாலே பை லேசாகிவிடும் ஊர். ஆகவே கேட்கிறேன்: கையைக் கடிக்காமல் அதைச் சுற்றிப் பார்ப்பது எப்படி? நீங்கள் அருங்காட்சியகத்தில் காவல் நிற்கிறவர். எந்த நாள் எங்கே இலவசம் என்பது உங்களுக்கு விரல்நுனியில் இருக்கும்.

தங்குவது பற்றிக் கவலை வேண்டாம். செரியோஸ் சாலையில் மலிவான மோட்டல் ஒன்றைப் பார்த்துக்கொள்வோம். அகுவா ஃப்ரியா தெரு வீட்டுக்கு வரமாட்டோம். அப்பாவின் வீட்டை நீங்கள் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்ட நாளோடு அந்த வாசலை நான் மறந்தாயிற்று.

போனில் என் எண்ணை நீங்கள் தடுத்து வைத்திருப்பதால் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

இப்படிக்கு,
எலோய் தஃபோயா


சாந்தா ஃபே
அக்டோபர் 29

எலோய்,

என்னடா இது, நீங்களும் நாங்களும்? அம்மா போன பிறகு உனக்குத் தலை சீவி, மூக்கைத் துடைத்துப் பள்ளிக்கு அனுப்பியவள் நான். 'மதிப்பிற்குரிய' என்று எழுதினால் எனக்கு உறைக்கும் என்று நினைத்தாயாக்கும். உறைத்தது. சந்தோஷமா?

போனில் ஏன் தடுத்தேன் என்பதை மரித்திடம் சொன்னாயா? வாடகை வீடு பற்றி வந்து தங்கியவர்கள் கருத்து எழுதும் பக்கத்தில், வந்து தங்காத நீ, உன் சொந்தப் பெயரைப் போட்டு எழுதினாயே: 'சுத்தம் உண்டு, வெந்நீர் உண்டு, வீட்டுக்காரிக்கு வெட்கம்தான் இல்லை.' ஒற்றை நட்சத்திரம் வேறு. அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது. ஒஹாயோவிலிருந்து வந்த ஒருத்தி அதைப் படித்துவிட்டுத்தான் அறை எடுத்தாளாம். "வெந்நீர் வரும்னு உங்க எதிரியே சொல்றாரே, அதுக்கு மேல என்ன வேணும்?" என்றாள்.

சரி, மாசமாக இருக்கிறவள் கேட்கிறாள். அவளுக்காகச் சொல்கிறேன்.

முதலில் தண்ணீர். இது ஏழாயிரம் அடி உயரம் என்பது உனக்கு மறந்திருக்கும். வந்த அன்று அவளை எங்கேயும் இழுத்தடிக்காதே. தாகம் எடுக்காவிட்டாலும் குடிக்கச் சொல்.

சட்டசபைக் கட்டிடத்துக்குக் கூட்டிப் போ. வட்டமாக இருக்குமே, அதுதான். மாடி மாடியாகச் சுவரெல்லாம் நம் ஊர் ஓவியர்கள். நுழைய ஒரு காசு வேண்டாம், வெதுவெதுப்பாக வேறு இருக்கும், கழிப்பறை சுத்தம். கர்ப்பிணிக்கு அதுதான் முக்கியம். பெரிய கோயிலும் சும்மாதான். ஆளுநர் மாளிகைத் தாழ்வாரத்தில் பூர்வகுடிக்காரர்கள் வெள்ளியும் நீலக்கல்லும் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். பார்ப்பதற்கு யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் பேரம் பேசாதே, என் மானத்தை வாங்காதே. அவர்களில் பாதிப்பேருக்கு என்னைத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மாலை கேன்யன் சாலை. அன்றைக்குத்தான் ஓவியக் கடைகளில் புதுக் காட்சி திறப்பார்கள். ஒயினும் பாலாடைக்கட்டியும் தட்டில் சுற்றி வரும். நல்ல செருப்புப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு படத்தின் முன்னாலும் தலையைச் சாய்த்து நின்றால் இரவுச் சாப்பாடு முடிந்த மாதிரி. இந்த ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் ஜீவிக்கிறார்கள். அதே மாலை எங்கள் அருங்காட்சியகமும் இலவசம். மேல்மாடி மரச்சிற்ப அறையில் நிற்பேன். பார்த்தால் ஒரு தலையாட்டு. அது போதும்.

சூரியன் விழும் நேரத்தில் சிலுவைக் குன்று. அதற்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, நீ அங்கேதான் சிகரெட் பிடிக்கக் கற்றுக்கொண்டாய்.

டிசம்பர் பதினான்கு ஞாயிறு மாலை சதுக்கத்தில் போசாதா. சூசையப்பரும் மாதாவும் தங்க இடம் கேட்டு வீடு வீடாக வருவார்கள், கூட்டம் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு பின்னால் வரும். 'இடமில்லை, போ' என்று கூரை மேலிருந்து விரட்டும் பிசாசுகளில் இந்த வருஷமும் நான் ஒருத்தி. கடைசியில் மாளிகை முற்றத்தில் கதவு திறந்து எல்லோருக்கும் சோம்பு பிஸ்கட்டும் சூடான சாக்லெட்டும் தருவார்கள். ஊருக்கே இலவசம். உனக்கும்தான்.

வீட்டைப் பற்றி உன்னிடம் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

லுடிவினா

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வைத்திருக்கிறேன். பெரியது மரித்துக்கு. அவள் கால் எவ்வளவு நீளம் என்று தெரியவில்லை.


டுலூத்
நவம்பர் 8

அக்கா,

'நீங்கள்' போட்டது வேண்டுமென்றேதான். இனிப் போடவில்லை.

உன் கடிதத்தை மரித் இரண்டு தடவை சத்தமாகப் படித்தாள். ஒற்றை நட்சத்திரக் கதையை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. நூலகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. சிரித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள் பார். அன்று முழுவதும் பாத்திரம் நான்தான் கழுவினேன்.

இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். அப்போது அப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. இங்கே ஒருத்தர் வீட்டுத் திண்ணைக் கம்பிக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தேன். அவர் விடுமுறைக்கு எங்கே போவது என்று போனில் தேடிக்கொண்டிருந்தவர், "நீ அந்தப் பக்கத்து ஆளுதான? இந்த வீடு எப்படி இருக்கு, சொல்லு" என்று திரையைக் காட்டினார். என் அறை. என் ஜன்னல். அப்பா என்னோடு சண்டை போட்டுவிட்டு ஆணி அடித்துச் சாத்திய அதே ஜன்னல். கட்டில் மேல் கோயோட்டி என்ற ஓநாய் பொம்மை. 'கோயோட்டி அறை, இருவர் தூங்கலாம்.' எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஏணியிலிருந்து இறங்கிவந்து அவருடைய கழிப்பறையில் உட்கார்ந்து அழுதேன். அன்று மாலைதான் அந்த நட்சத்திரத்தைப் போட்டேன். எனக்கு ஒரு வார்த்தை நீ சொல்லவில்லையே, அக்கா. ஊரான் சொல்லித் தெரிய வேண்டியதாயிற்று.

இன்னொன்று. மோட்டல் வேண்டாம், அந்த வீட்டிலேயே காசு கட்டித் தங்குவோம், உன் அக்காவுக்கும் ஒரு வருமானம்தானே என்றாள் மரித். என் வீட்டில் நான் காசு கட்டித் தங்குவதா என்று குதித்தேன். பிறகு அவள் தூங்கினதும் நானே தேடிப் பார்த்தேன். நாங்கள் வரும் நாளெல்லாம் நிரம்பியிருக்கிறது. காசு கொடுத்தாலும் இடமில்லை.

காலுறைக்கு நன்றி. அவள் கால் என் காலைவிட நீளம்.

எலோய்


சாந்தா ஃபே
நவம்பர் 19

எலோய்,

உன் கடிதம் வந்து சில நாளாகிறது. நீ அழுத இடத்தை மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தேன்.

சொல்லாதது ஏன் என்றா கேட்கிறாய்? சொல்லியிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். 'கூடாது' என்பாய். அங்கே உட்கார்ந்துகொண்டு கூடாது என்பது சுலபம். இடது பக்கத்து பாகா குடும்பத்தின் வீடு இப்போது ஓவியக் கடை. வாசலில் வெண்கல முயல் நிற்கிறது, நம் வீட்டை முறைத்துக்கொண்டு. வலது பக்கம் யாரோ கலிஃபோர்னியாக்காரர், வருஷத்தில் ஒரு வாரம் வருகிறார். இவர்கள் வாங்கிய விலைக்குத்தான் நம் மண்சுவருக்கும் மதிப்புப் போட்டு வரி கேட்கிறார்கள். அருங்காட்சியகச் சம்பளத்தில் நான் என்னத்தைக் கட்டுவது? விற்றுவிடச் சொல்லி வாரம் ஒருத்தன் கதவைத் தட்டினான். அந்நியன் ஒரு வாரம் வந்து தூங்கிவிட்டுப் போவானா, அல்லது அந்நியன் கடைசிவரை அதில் இருப்பானா என்று இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தேன். அந்த வீடு இன்றும் தஃபோயா வீடுதான். கோயோட்டி அறை என்று பெயர் வைத்ததும் ஓநாய் பொம்மை வைத்ததும் என்னோடு பிசாசு வேஷம் போடும் ஃபிடெலின் மகள். அவள்தான் எனக்கு அந்தக் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் செய்து தருகிறாள். பொம்மையை எடுத்துவிட்டேன் போ.

ஆணி அடித்த ஜன்னலை அப்பா தானே பிடுங்கித் திறந்துவிட்டார், நீ வடக்கே போன மறு வாரமே. ராத்திரியில் திரும்பி வந்தால் நுழைய வழி வேண்டாமா என்றார். இதை உனக்குச் சொல்லியிருக்கிறேனா?

இப்போது உண்மையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த வாரம் வீட்டில் டல்லாஸிலிருந்து பல் டாக்டர்கள், இரண்டு குடும்பம். கோடையிலேயே எடுத்துவிட்டார்கள். வாக்குக் கொடுத்தவர்களை எப்படி வெளியே போகச் சொல்வது? நான் பின்னால் அப்பாவின் சாமான் அறையில் இருக்கிறேன். சுண்ணாம்பு அடித்து, அடுப்பு வைத்து, எனக்குப் போதுமானபடி ஆக்கிக்கொண்டேன். ஒற்றைக் கட்டில். திரும்பிப் படுத்தால் முழங்கை சுவரில் இடிக்கும். வயிற்றுப் பிள்ளைக்காரியை முதல் தடவை வரவழைத்து அதிலா படுக்க வைப்பேன்? எனக்கு மானம் இல்லையா? இடமில்லை, எலோய். அதுதான் நிஜம்.

ஊரைச் சுற்றிக் காட்ட வருகிறேன். சாயந்திரங்களில் எனக்கு ஓய்வுதான்.

லுடிவினா


டுலூத்
டிசம்பர் 1

அக்கா,

புரிந்தது. டாக்டர்களுக்கு இடமிருக்கிறது, எங்களுக்கு இல்லை. நான் ஒன்றும் கேட்கவுமில்லை, நீயாகத்தான் சொன்னாய்.

நாங்கள் பாட்டுக்கு வந்து, பார்த்து, போய்விடுவோம். எந்த நாள், எந்த மோட்டல் என்பதெல்லாம் உனக்கு வேண்டாம். உன் சாயந்திரங்களை எங்களுக்காக வீணாக்காதே.

மரித்துக்குத் தெரியாமல் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுகிறேன்.

எலோய்


செரியோஸ் சாலை, சாந்தா ஃபே
டிசம்பர் 14, பகல்

அக்கா,

இதை நாளை ஊரை விட்டுக் கிளம்பும்போது தபால் பெட்டியில் போடுவேன். உன் கைக்குக் கிடைக்கும்போது நாங்கள் கொலராடோவைத் தாண்டியிருப்போம்.

வந்து நாலு நாளாயிற்று. நீ எழுதிய வரிசைப்படியே எல்லாம் பார்த்தோம், மரித் உன் கடிதத்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறாள். வட்டக் கட்டிடத்தின் வெதுவெதுப்பையும் கழிப்பறையையும் பற்றி நீ சொன்னது அத்தனையும் சரி. தாழ்வாரத்தில் சிறிய வெள்ளி மணி ஒன்றைக் குழந்தைக்கென்று வாங்கினாள். பேரம் பேசவில்லை. விற்ற அம்மாளுக்கு மரித்தின் வயிற்றைப் பார்த்ததும் பேச்சு நிற்கவில்லை. "பையனா இருந்தா இப்படி நிக்காது, பொண்ணுதான். நீங்க பேரு தேடி வையுங்க" என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை கேன்யன் சாலையில் நடந்ததைக் கேள். என்னிடம் இருக்கும் ஒரே கனமான கால்சட்டை வேலைக்குப் போடுவதுதான். வண்ணம் தெறித்துத் தெறித்து அதன் சொந்த நிறம் எது என்று எனக்கே தெரியாது. கடைக்கார அம்மாள் அதைப் பார்த்துவிட்டு ஒயின் கிண்ணத்தோடு நேரே என்னிடம் வந்துவிட்டார்.

"நீங்க ஓவியரா?"

"பெயின்டர்" என்றேன்.

"எந்த மாதிரி செய்வீங்க?"

"வெளிச்சுவருதாங்க அதிகம். முதல்ல ஒரு பூச்சு, காஞ்ச பிறகு இன்னொண்ணு."

"அப்ப பெரிய அளவுல செய்றீங்க" என்றார், கண் விரிய.

"போன கோடையில மூணு மாடி ஒண்ணு முடிச்சேன். முழுக்க சாம்பல் நிறம். ஜன்னல் விளிம்பு மட்டும் வெள்ளை."

"சாம்பல் நிறம் முழுக்க. என்ன துணிச்சல்" என்று அவர் தன் கணவரைக் கூப்பிடப் போனார். மரித் பாலாடைக்கட்டி புரையேறி வெளியே ஓடிவிட்டாள். எனக்கு ஒரு முகவரிச் சீட்டும் கொடுத்தார்கள். வரச் சொல்லியிருக்கிறார்கள்.

சிரித்துக்கொண்டே அங்கிருந்து உன் அருங்காட்சியகத்துக்கு வந்தோம். வந்திருக்கக் கூடாது.

மேல்மாடியில் நீ நின்றாய், முதுகைக் காட்டிக்கொண்டு. முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாய். ஒரு மனிதர் மரச் சிலையின் காலைத் தொடப் போக, "ஐயா, அவரை முந்நூறு வருஷமா யாரும் தொடல, நீங்க ஆரம்பிச்சு வைக்காதீங்க" என்றாய். உன் குரலைக் கேட்டதும் ஒரு பெரிய தூணுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டேன். நாற்பது வயதுக்காரன், அக்காவுக்குப் பயந்து தூண் மறைவில். மரித் மட்டும் அறைக்குள் போனாள். யார் என்று சொல்லாமல் உன்னை ஒரு தடவை பக்கத்தில் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். அவள் படம்கூட நான் உனக்கு அனுப்பியதில்லையே.

திரும்பி வரும்போது அழுதுகொண்டு வந்தாள். "நான் ஒண்ணுமே கேக்கல. வயித்தைப் பாத்ததும் அவங்க உக்கார்ற நாற்காலியை இழுத்துப் போட்டு, 'உக்காரும்மா, இந்த உயரம் புதுசா வர்றவங்களுக்கு மூச்சு வாங்கும்'னாங்க. தண்ணி குடிச்சியான்னு கேட்டாங்க. எனக்கு ஒரு நாத்தனார் இருக்காங்கன்னு அவங்ககிட்டயே சொல்ல முடியல. இது என்ன கேவலம், எலோய்?"

அதற்குப் பிறகு அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நேற்றுச் சிலுவைக் குன்றில் மலையெல்லாம் சிவந்து கிடந்தது, இவள் அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். இன்று காலையில்தான் வாயைத் திறந்தாள். "சாயந்திரம் சதுக்கத்துக்குப் போறேன். நீ வந்தா வா."

போகிறேன். பிசாசைப் பார்த்துக் கூட்டத்தோடு கூட்டமாக ஊளையிடலாம் இல்லையா, அதற்காகவாவது போகிறேன். உன்னைப் பார்த்துக் கத்த வேண்டும் என்று எவ்வளவு நாளாக வைத்திருக்கிறேன். அதுவும் இலவசம்.

அதோடு கிளம்பிவிடுவோம். பாதி ஊரைச் சுற்றிவிட்டு மீதிப் பாதியைத் தூணுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன் என்று பிள்ளையிடம் சொல்லிக்கொள்கிறேன்.

எலோய்


டிசம்பர் 14, மாலை
மோட்டல் வரவேற்பில் இருப்பவருக்கு: எலோய் தஃபோயா என்பவரிடம் கொடுக்கவும். கூட உயரமான, மாசமாக இருக்கும் பெண் இருப்பாள்.

எலோய்,

இதே சீட்டைச் செரியோஸ் சாலையில் பார்க்கும் மோட்டலில் எல்லாம் கொடுத்துக்கொண்டு வருகிறேன். அருங்காட்சியகத் துண்டுப்பிரசுரத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. இன்னும் பிசாசு வேஷத்தில்தான் இருக்கிறேன், கொம்பையாவது கழற்றியிருக்கலாம். வாலைக் கழற்ற நேரமில்லை. முன்பு போன மோட்டலில் ஒரு பையன் கேட்டான், "யாரைத் தேடறீங்க?" என் தம்பியை என்றேன். "அவர் உங்களைப் பார்த்தா ஓடிட மாட்டாரா?" என்றான். அதுதானே என் பயமும்.

நீ கூட்டத்தில் நின்றாய். கையைக் குவித்து வாயில் வைத்துக்கொண்டு ஊளையிட்டாய், உன்னை மாதிரி இந்த ஊரில் யாரும் ஊளையிட்டதில்லை. அந்தச் சத்தத்தில்தான் குனிந்து பார்த்தேன். பக்கத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அந்தப் பெண். வெள்ளிக்கிழமை என் நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து போகும்போது காரணமில்லாமல் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாளே, அவள். என் வீட்டுப் பெண்ணுக்கு நான் நாற்காலி போட்டிருக்கிறேன், யார் என்று தெரியாமல்.

சூசையப்பர் கீழே நின்று இடம் கேட்டுப் பாடி முடித்துவிட்டார். என் முறை. வழக்கமாக விரட்டுவதை விரட்டத்தான் வாயைத் திறந்தேன். "இடமிருக்கு" என்று வந்துவிட்டது. "இடமிருக்குடா எலோய். வீட்டுக்கு வாடா, இடமிருக்கு."

ஊளையிடுவதற்கு மூச்சிழுத்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். கிடார்க்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். சூசையப்பர் தாடியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறார், உள்ளே வருவதா போவதா என்று தெரியாமல். ஃபிடெல் என் காலில் உதைத்தான். "ஏய் கிறுக்கி, நாம பிசாசு. நாம இடம் குடுக்கப்படாது. இப்ப நீ குடுத்துட்டா மாளிகையில வெச்சிருக்கிற சாக்லெட் என்னாகிறது?" பிறகுதான் கூட்டம் சிரித்தது. யாரோ கை தட்டினார்கள். அடுத்த வருஷம் எனக்குக் கொம்பு கிடையாது என்று சாமியார் அங்கேயே சொல்லிவிட்டார். போகட்டும்.

ஏணியில் வால் மாட்டிக்கொண்டு நான் இறங்கி வருவதற்குள் நீ இல்லை. முற்றத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இல்லை.

நவம்பரில் இடமில்லை என்று எழுதினேன் இல்லையா, அது கட்டிலைப் பற்றியது. உன்னைப் பற்றி இல்லையடா. இதை எப்படி நீ அப்படிப் படித்தாய், நான் எப்படி அப்படி எழுதினேன், தெரியவில்லை. என் கட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஃபிடெல் வீட்டில் படுத்துக்கொள்வேன், இல்லாவிட்டால் அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் படுப்பேன். நெருக்கமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். குழந்தை பிறக்கும்போது எனக்கு யாரும் தகவல் சொல்லாமல் இருக்கப்போகிறார்களே என்று நான் படும் பாட்டுக்கு, சுவரில் இடிக்கும் முழங்கை ஒரு பாடா?

வா. எந்த நேரமானாலும் வா.

அக்கா


அகுவா ஃப்ரியா தெரு
டிசம்பர் 14, மாலை
(பின்கதவில் ஒட்டியது)

அக்கா,

எங்கே போனாய்? நீ கூரையிலிருந்து கூப்பிட்ட அந்த நிமிஷமே மரித் என் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். "கூப்பிட்டாங்கல்ல, கிளம்பு. இன்னும் யோசிச்சேன்னா மண்டையில போடுவேன்." நீ உடை மாற்றி வருவதற்குள் நேரே வீட்டுக்கு வந்து உன் கதவில் நின்று உன்னைத் திகைக்க வைக்கலாம் என்றாள். வந்து நின்றோம். பூட்டு. குளிரில் இவளுக்குப் பல் தந்தி அடிக்கத் தொடங்கிவிட்டது. போன் எடுபடாது என்பது உனக்கே தெரியும்.

கடைசியில் முன்வாசலுக்குப் போய் நின்றேன். மறந்தாயிற்று என்று எழுதிய வாசல். தட்டுவதற்குக் கையைத் தூக்கிவிட்டேன், தட்டவில்லை. மரித் தட்டினாள். அந்த டாக்டர்களில் ஒருவரின் மனைவி திறந்தார். உள்ளேயிருந்து ஒரே புகை.

"யாரு நீங்க?"

என்ன சொல்வது என்று மூன்று வருஷமாக நான் பலவிதமாக யோசித்து வைத்திருந்தேன், எல்லாம் கெட்ட வார்த்தை. வாயில் வந்தது, "இந்த வீட்டுப் பையன்ங்க."

அவர் மரித்தின் வயிற்றைப் பார்த்தார். "அட, வாசல்ல நிக்கிறீங்களே. உள்ள வாங்க முதல்ல. கென், அந்தப் பானையை அடுப்புல வை. யாருக்காவது இந்த நெருப்புப் பத்தித் தெரியுமான்னு கேட்டுட்டே இருந்தீங்களே, தெரிஞ்சவர் வந்துட்டார்."

விறகைப் படுக்க வைத்து மூட்டியிருக்கிறார்கள், பாவம். டல்லாஸில் அப்படித்தானோ என்னவோ. மூலை அடுப்பில் பின்யோன் கட்டையைச் சுவரோடு நிறுத்திச் சாய்த்து வைக்க வேண்டும் என்று அப்பா நமக்கு அடித்துச் சொல்லித் தந்ததைச் செய்து காட்டினேன். பிடித்துக்கொண்டது. புகை போய்விட்டது. எனக்குக் கண் எரிச்சல் மட்டும் போகவில்லை.

இவர்கள் நல்லவர்கள், அக்கா. அதுதான் எனக்குப் பெரிய தொந்தரவாக இருக்கிறது. சமையல் மேடையில் போசோலே சோளக் குழம்பு கொதிக்கிறது, நீதான் செய்து வைத்துவிட்டுப் போனாயாம், விருந்தாளிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வழக்கமாம். ஒரு வாய் எடுத்ததுமே உன் கை என்று தெரிந்துவிட்டது. மரித் மூன்றாவது கிண்ணத்தில் இருக்கிறாள். என் அறையை அவளுக்குக் காட்டினேன். ஜன்னலைத் திறந்தேன், திறந்தது. சட்டத்தில் ஆணி இருந்த ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன.

இரண்டாவது குடும்பம் நாளை காலையில் மலைக்குப் பனிச்சறுக்கப் போய் இரண்டு நாள் அங்கேயே தங்குகிறார்களாம், அந்த அறையை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். ஆகவே இன்றொரு இரவுக்குத்தான் நம் மூன்று பேருக்கும் உன் சாமான் அறை. கிளம்பும் நாளைத் தள்ளிப்போட்டாயிற்று. ஏப்ரல் வரை எனக்கு வேலை இல்லை என்று முன்பே எழுதியிருக்கிறேன். உன் வெளிச்சுவர் தெற்குப் பக்கம் வெடித்திருக்கிறது, வரும்போதே பார்த்துவிட்டேன். வெயில் வந்ததும் மண் குழைத்துப் பூச ஆள் வேண்டும் உனக்கு. மார்ச்சில் பிள்ளை எங்கே பிறக்க வேண்டும் என்பது பற்றி மரித்துக்கு ஒரு யோசனை தோன்றியிருக்கிறது. அதை அவளே உன்னிடம் கேட்பாளாம், என்னைச் சொல்ல விடமாட்டேன் என்கிறாள்.

இந்தச் சீட்டைப் பார்த்ததும் பின்கதவைத் திறந்து உன் அறைக்குள் போய்விடாதே.

முன்வாசல் வழியாக வா, அக்கா. எல்லோரும் உள்ளேதான் இருக்கிறோம்.

எலோய்